25சி பற்றரியும் கந்தப்பளைக் குளிரும்

கந்தப்பளையிலிருந்து ஒரு வாசகர்: "சேர், பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய ட்ரோன் ஒன்று வைத்திருக்கிறேன். பற்றரி 3 செல் லித்தியம் பொலிமர், 2200 மில்லி அம்பியர் மணி. மேலே 25சி என்று அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் சார்ஜரை 5 அம்பியரில் வைத்துச் சீக்கிரமாக ஏற்றலாமா? இன்னொன்று, மத்தியானத்தில் 7 நிமிடம் பறப்பது விடியற்காலையில் 4 நிமிடத்திலேயே எச்சரிக்கைச் சத்தம் போடுகிறது. பற்றரி பழுதா?"

தம்பி, அந்த 25 பற்றரியிலிருந்து கரண்ட் எடுப்பதற்கான எண். ஏற்றுவதற்கு அது பொருந்தாது.

'சி' என்பது பற்றரியின் கொள்ளளவை வைத்துப் போடும் கணக்கு. உங்களுடையதில் 1சி என்றால் 2.2 அம்பியர், 25சி என்றால் 55 அம்பியர். அவ்வளவையும் விடாமல் இழுத்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? 60ஐ 25ஆல் வகுங்கள். 2 நிமிடம் 24 செக்கன்தான். நீங்கள் 7 நிமிடம் பறக்கிறீர்கள் என்றால், அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துப் பார்த்தாலும் சராசரியாக 15 அம்பியர், அதாவது 7சி அளவில்தான் எடுக்கிறீர்கள். நல்லதுதான். உறையில் இருப்பது விற்கிறவன் எழுதிய எண். நான் 25ஐக் கண்டால் மனதுக்குள் 12 என்று வாசித்துக்கொள்வேன். இறங்கியதும் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் அது தாங்குவதற்கு மேல் கேட்கிறீர்கள்.

ஏற்றுவதற்கு 1சி, உங்களுக்கு 2.2 அம்பியர். ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்டைத் தொட்டதும் சார்ஜர் அந்த வோல்டிலேயே நின்று கரண்டை மெல்லக் குறைத்துக்கொண்டு வரும். செல்களைத் தனித்தனியாகப் பார்த்துச் சமப்படுத்த உதவும் மெல்லிய பெலன்ஸ் வயரைக் குத்தாமல் ஏற்றவே வேண்டாம். சில உறைகளில் '5சி சார்ஜ்' என்று தனியாக எழுதியிருக்கும். அதற்கு உங்கள் பற்றரியில் 11 அம்பியர், கிட்டத்தட்ட 140 வாட் வேண்டும். கையடக்கமான 50 வாட் சார்ஜர் 4 அம்பியரோடு மூச்சு வாங்கிவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் 5000 மில்லி அம்பியர் மணிப் பற்றரி ஒன்றை 5 அம்பியரில் ஏற்றினேன். அது முடிந்ததும் அதே இடத்தில் 1000 பற்றரியைக் குத்திவிட்டு, பழைய 5 அம்பியரைக் குறைக்க மறந்து பிளேன்டி குடிக்கப் போனேன். ஐந்து மடங்கு. திரும்பி வந்தபோது பற்றரி பணிஸ் மாதிரி உப்பியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, அதை மண் சட்டியில் போட்டு இஸ்தோப்புக்கு வெளியே தூக்கிக்கொண்டு ஓடினேன். தீப்பிடிக்கவில்லை, அது என் கெட்டித்தனமல்ல. இப்போது பிளேன்டி சார்ஜருக்குப் பக்கத்துக்கே வருகிறது.

அப்புறம் உங்கள் விடியற்காலை. பற்றரி பெரும்பாலும் பழுதில்லை, குளிர்ந்திருக்கிறது. குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகி, கரண்டை மறிக்கும் உள்தடை கூடுகிறது. மோட்டார் இழுத்தவுடன் வோல்ட் சரிந்து விழும். எச்சரிக்கைக் கருவிக்கு வோல்ட் மட்டும்தான் தெரியும், அது தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கத்துகிறது. இறங்கிப் பத்து நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். செல்லுக்கு 3.8 வோல்ட் காட்டினால் பாதிக்குக் கிட்ட இன்னும் உள்ளே இருக்கிறது. போகும்போது பற்றரியை ஜக்கெட்டுக்கு உள்பையில் வைத்துக்கொண்டு போங்கள், சட்டென்று வித்தியாசம் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, அது மத்தியானத்திலும் இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலேயே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்தரத்தில் நிற்கவே பத்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி போகும். கொழும்பில் இருப்பவர் சொல்லும் நிமிடக் கணக்கோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

ஜனவரியில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், வெளியே கிடந்த பற்றரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் செல்லின் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகொரு நாள் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகும். 10 பாகைக்குக் கீழே என்றால் பாதிக் கரண்ட் போதும். முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

தலவாக்கலை வாசகர்: "3 செல் பற்றரியும் 12 வோல்ட்தானே, மோட்டார் சைக்கிள் பற்றரி சார்ஜரில் போட்டால் என்ன?"

போடவே கூடாது. அது 14.4 வோல்ட் வரை தள்ளும், செல்லுக்கு 4.8. லித்தியம் பொலிமர் 4.2க்கு மேல் தாங்காது. வீடு எரியும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்: "மகன் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டான். அவனுடைய விமானப் பற்றரி ஒன்று அலுமாரிக்குள் உப்பிக் கிடக்கிறது. இனிப்பாக ஒரு வாசம் வேறு."

தங்கச்சி, அந்த வாசம் உள்ளேயிருக்கும் திரவத்துடையது. உறை கசிகிறது. குத்தாதீர்கள், அமத்தாதீர்கள், அடுப்பிலோ குப்பைக் குழியிலோ போடாதீர்கள். வயர் முனைகளை ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக டேப் சுற்றி, மண் சட்டியில் மணலுக்குள் வைத்து, கூரைக்குத் தள்ளி வெளியே வையுங்கள். மழை படக் கூடாது. பிறகு இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடம் கொடுக்கலாம். முழுதாக ஏற்றியபடியே மாதக்கணக்கில் வைத்திருப்பான், அதனால்தான் உப்பியிருக்கும். சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒன்று இருக்கும், செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்திவிடும், அதில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அலுமாரியை ஒருமுறை முழுதாகக் கிளறிப் பாருங்கள். இந்தப் பைத்தியம் பிடித்த எவனும் ஒரே பற்றரியோடு நின்றதை நான் கண்டதில்லை.