மாமியின் கதையை எங்கே முடிப்பது?

கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு மாமி கேட்டடியில் பிடித்துவிடுவா. இடையில் வெட்டினால் முகம் முறியும், நின்றால் பஸ் போய்விடும். என்ன செய்ய?"

முதலில் ஒன்று கேட்கிறேன். மாமி ஒரு கதையை முடித்ததும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "மறுகா?", அதாவது "பிறகு?" என்றுதானே? மட்டக்களப்பில் பிறந்த யாருக்கும் வாயில் ஒட்டியிருக்கும் சொல் அது, எனக்கும்தான். மரியாதைக்குச் சொல்கிறோம். மாமிக்கோ அது "இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்கும். கதவைத் திறந்துவிடுவது நீங்கள்தான்!

பேச்சு எப்படி முடிகிறது என்பதை ஷெக்லொஃப், சாக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் விரிவாக எழுதினார்கள். விடைபெறும் சொல் திடீரென வருவதில்லை. அதற்கு முன் ஒருவர் "சரி" என்று மட்டும் சொல்லி, புதிதாக எதையும் தொடங்காமல் நிறுத்துவார். மற்றவரும் "சரி" என்றால்தான் முடிவு தொடங்கும்.

ஆகவே கதையின் நடுவில் வெட்டாதீர்கள். மாமி "என்ன செய்யிற, அப்படித்தான் கிடக்கு" என்று பெருமூச்சு விடுவா பாருங்கள், அதுதான் இடம். குரலை இறக்கி "சரி மாமி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "சரி புள்ள" என்று வந்தால், "அந்த முருங்கைக்காய பின்னேரம் வந்து எடுக்கிறன்" என்று அடுத்த சந்திப்பைச் சொல்லிக் காலை எடுத்து வையுங்கள். அதற்குப் பதிலாக மாமி "ஆ, சொல்ல மறந்துபோனன்" என்று தொடங்கினால் எரிச்சல் வேண்டாம். விட்டுப்போனதைச் சொல்லத்தான் அந்த இடைவெளி. கேட்டுவிட்டு இன்னொரு "சரி".

பஸ் நேரத்தைக் கடைசியில் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். "என்ன புள்ள, வேலைக்கா?" என்றதுமே "ஓம் மாமி, ஏழரை பஸ்ஸுக்கு" என்று போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இருவரும் விரும்பிய நேரத்தில் பேச்சு முடிவது மிக அரிது. மாமிக்கும் உள்ளே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கலாம்.

"போறன் மாமி" என்று சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், காலங்காத்தால. "போயிட்டு வாறன்" என்றே சொல்லுங்கள்.