கரிக்கு போட்ட வரி எங்கே போச்சு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையன் அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல இருக்கான். அங்க மாநில அரசாங்கமே சட்டம் போட்டு நிலக்கரி மின்நிலையத்த மூடச் சொல்லிட்டாங்களாம். நம்ம சட்டசபைல அப்படி போட முடியாதா, கரி கரண்ட்டுக்கு தனி வரியாவது போடலாமே?
(வாசகி, குடியாத்தம்)

பையன் சொன்னது சரிதாங்கம்மா. சென்ட்ரேலியானு ஒரு ஊர், அங்க இருக்குற மின்நிலையத்துல ரெண்டு பாய்லர், ஒண்ண 2020 கடைசிக்குள்ள இன்னொண்ண 2025 கடைசிக்குள்ள நிறுத்தணும்னு 2011ல சட்டம் போட்டாங்க. அதோட விடல, வேலை போறவங்களுக்கும் ஊருக்கும்னு கம்பெனிகிட்ட 5.5 கோடி டாலர் எழுதி வாங்கினாங்க. அதுக்கு முன்னாடியே 2007ல இன்னொரு சட்டம், புதுசா நீண்டகால ஒப்பந்தம் போட்டு வாங்குற கரண்ட்டுக்கு ஒரு அளவு வெச்சாங்க, நம்ம கணக்குல சொன்னா யூனிட்டுக்கு அரை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல போகக்கூடாது. கரில எடுக்குற கரண்ட் யூனிட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ விடும், அதனால சட்டத்துல கரினு தனியா சொல்லாமலே புது கரி நிலையத்துக்கு கதவ சாத்தியாச்சு.

நம்ம நாட்டுல மாநிலத்துக்கு கை கொஞ்சம் கட்டுதான். அரசியல் சாசனத்துல மாநிலப் பட்டியல் 53வது இனம் இருக்கு, அது கரண்ட்ட உபயோகிக்கறதுக்கும் விக்கறதுக்கும் வரி போட மாநிலத்துக்கு உரிமை குடுக்குது, உற்பத்திக்கு குடுக்கல. 2023 அக்டோபர்ல மத்திய மின்துறை எல்லா மாநிலத்துக்கும் லெட்டரே போட்டுது, அனலோ நீரோ காத்தோ வெயிலோ எதுல உற்பத்தி பண்ணாலும் அதுமேல மாநிலம் வரி போட்டா செல்லாதுன்னு. தமிழ்நாட்டுல 2003 சட்டப்படி மின்சார வரி இருக்கு, சிப்காட்ல கம்பெனி நடத்துறவங்க பில்ல எடுத்து பார்த்தா 5 சதவீதம்னு தெரியும், ஆனா அந்த வரி கரி கரண்ட்டையும் காத்தாலை கரண்ட்டையும் ஒண்ணாத்தான் பார்க்குது. தோண்டி எடுக்குற இடத்துல மட்டும் வழி திறந்திருக்கு. 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதி பெஞ்ச், கனிமத்துமேல வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, அத வெச்சு தமிழ்நாடும் கனிம நிலத்துக்கு வரி போட்டு சட்டம் கொண்டு வந்தாச்சு.

கேள்வி: கரிக்கு டன்னுக்கு 400 ரூபா செஸ் இருந்துச்சே, அத எடுத்துட்டாங்களாமே? இவ்ளோ வருஷம் வாங்கின பணம் என்னாச்சு சார்?
(வாசகர், ராணிப்பேட்டை)

இந்த கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன் சார். 2010ல டன்னுக்கு 50 ரூபான்னு ஆரம்பிச்சாங்க, 2014ல 100, அடுத்த வருஷம் 200, 2016ல 400. சொன்ன காரணம் நல்ல காரணம், கரி எரிச்சு காத்த கெடுக்கறவங்ககிட்ட வாங்கி சுத்தமான எனர்ஜிக்கு செலவு பண்றோம்னு தனி நிதி வெச்சாங்க. 2017-18 வரைக்கும் வசூல் ஆனது 86 ஆயிரம் கோடிக்கு மேல. அதுல நிதிக்கு போனது 30 ஆயிரம் கோடிக்கும் கொஞ்சம் கம்மி, திட்டத்துக்குன்னு செலவானது 16 ஆயிரம் கோடி கூட இல்ல. அப்புறம் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபா மாநிலங்களுக்கு நஷ்டஈடு குடுக்குற செஸ்ஸா மாறிடுச்சு, காத்துக்கும் அதுக்கும் இருந்த சம்பந்தம் அன்னைக்கே அறுந்துபோச்சு. இது எனக்கு இன்னைக்கும் ஆறாத கோபம்.

2025 செப்டம்பர் 22ல இருந்து செஸ் கிடையாது, ஜிஎஸ்டி 5 சதவீதம் இருந்தது 18 ஆச்சு. கணக்கு போட்டு பாருங்க. டன் 1,500 ரூபா விக்கிற மட்டமான கரிக்கு முன்ன 475 ரூபா வரி, இப்ப 270. டன் 4,000 ரூபா விக்கிற நல்ல கரிக்கு முன்ன 600, இப்ப 720. அதாவது சாம்பல் அதிகமா இருக்குற கரிக்கு வரி குறைஞ்சு, சாம்பல் கம்மியா இருக்குற கரிக்கு ஏறியிருக்கு. மட்டமான உள்நாட்டுக் கரி எரிக்கிற நிலையத்துல யூனிட்டுக்கு சில பைசா மிச்சம் ஆகலாம், ஆனா காத்துக்கு இது தலைகீழ் கணக்கு.

அமெரிக்கால மொன்டானா மாநிலத்த பாருங்க, 1975லயே வெட்டி எடுக்குற கரிக்கு 30 சதவீதம் வரை வரி போட்டாங்க, கம்பெனிங்க கேஸ் போட்டும் 1981ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னுடுச்சு. வர்ற பணத்துல பாதிய தனி நிதில போடணும், சட்டசபைல முக்கால்வாசி பேர் ஓட்டு போட்டாதான் அதோட அசல தொடலாம்னு அவங்க மாநில அரசியல் சாசனத்துலயே எழுதி பூட்டிட்டாங்க. நமக்கு இல்லாம போனது அந்த பூட்டுதான்.

கேள்வி: வேலூர்ல அனல் மின்நிலையமே இல்லையே அண்ணே, நாம ஏன் இதெல்லாம் பேசணும்?
(கல்லூரி மாணவர், காட்பாடி)

தம்பி, நிலையம் இல்லைன்னாலும் கரண்ட் நம்ம வழியாத்தான் வருது, கர்னூல்ல இருந்து வர்ற 765 கிலோவோல்ட் மின்சார லைன் உங்க ஊருக்கு பக்கத்துல திருவலத்துலதான் வந்து இறங்குது. ராணிப்பேட்டை பெல் கம்பெனில செய்யறது என்னன்னு விசாரிச்சு பாருங்க, அனல் நிலையத்து புகைல சாம்பல் பிடிக்கிற இ.எஸ்.பி.ங்கற மிஷின். மாடி வீடு உயரத்துக்கு இரும்பு பெட்டி, உள்ள வரிசை வரிசையா தகடு தொங்கும், ஹைவோல்டேஜ் குடுத்தா புகைல இருக்குற சாம்பல் தூள் போய் தகட்டுல ஒட்டும், சுத்தியல் மாதிரி ஒண்ணு தட்டிக்கிட்டே இருக்கும், சாம்பல் பொலபொலன்னு கீழ தொட்டில விழும். நாடு பூரா எத்தனையோ புகைபோக்கிக்கு நம்ம ஊர் ஆளுங்க கை பட்டிருக்கு.

அதவிட பெரிய விஷயம், அசுத்தம் பண்றவன்தான் காசு குடுக்கணும்ங்கற கொள்கை இந்திய சட்டத்துல உறுதியா வேர் பிடிச்சது நம்ம பாலாத்து கேஸ்லதான். தோல் கம்பெனி கழிவால கிணறெல்லாம் கெட்டுப்போய் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ், 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதுக்கப்புறமும் 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசு அதிகமான தொழில் ஊர் லிஸ்ட்ல (மார்க் ஏற ஏற மோசம்) வேலூர் (வடஆற்காடு) 81.79 மார்க் வாங்கி எட்டாவது இடம், நமக்கு மேல ஒடிசாவோட அங்குல்-தால்ச்சர், கீழ சிங்ரௌலி, ரெண்டுமே கரி ஊர். கரியே இல்லாம அவங்களோட உக்காந்திருந்தோம். கெட்டுப்போன தண்ணி எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஊர்க்காரன் கேட்காம வேற யார் கேட்பாங்க?

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு இவ்ளோதான் விடலாம்னு நம்ம கரி நிலையங்களுக்கு லிமிட் உண்டா?
(வாசகர், ஆம்பூர்)

இல்லைங்க. 2015 டிசம்பர்ல வந்த விதி சாம்பல் தூள், சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம், தண்ணி செலவு இதுக்குத்தான். அதுலயும் சல்ஃபருக்கு மிஷின் மாட்டற கெடுவ தள்ளிக்கிட்டே வந்து 2025 ஜூலைல கிட்டத்தட்ட 78 சதவீத யூனிட்டுக்கு அந்த மிஷினே வேணாம்னு விலக்கு குடுத்துட்டாங்க. பசுமைக்குடில் வாயுவுக்குன்னு 2025 அக்டோபர்ல முதல் தடவையா கட்டாய இலக்கு வந்துச்சு, அலுமினியம், சிமெண்ட், காகிதம், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா செய்யறது) ஆலைங்க மொத்தம் 282. அந்த லிஸ்ட்ல அனல் மின்நிலையம் ஒண்ணு கூட இல்ல, அத அடுத்த லிஸ்ட்ல சேருங்கன்னு உங்க எம்.பி.க்கு எழுதுங்க, நானும் எழுதறேன்.