தேயிலை மலிந்தது, கோபம் ஏறியது

கேளுங்கள், சொல்கிறேன்
பதில் தருபவர்: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை

கேள்வி: டீச்சர் அம்மா, தேயிலைக்கு வரியை ஏற்றியதால்தான் பாஸ்டன் மக்கள் அதைக் கடலில் கொட்டினார்கள் என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொல்கிறான். மூன்று பென்ஸ் வரிக்காகவா ஒரு சாம்ராஜ்யத்தோடு சண்டைக்குப் போவார்கள்?
- வாசகி, டோங்காட்

பதில்: வரி ஏறவில்லை அம்மா. 1773இல் தேயிலை விலை இறங்கத்தான் இருந்தது. மகனுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அமெரிக்கக் காலனிகளைக் காக்கும் செலவில் அவர்களும் பங்கு கொடுக்கட்டும் என்று லண்டன் முடிவு செய்தது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. செய்தித்தாள், பஞ்சாங்கம், பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரைவரி. எங்கள் ஆள் ஒருவர்கூட உட்காராத சபை எங்கள் பணத்தில் எப்படிக் கைவைக்கலாம் என்று காலனிகள் கேட்டன. பாஸ்டனில் முத்திரை விநியோகத்துக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். அவர் அந்த வேலையே வேண்டாம் என்று விலகினார். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. ஆனால் அதோடு சேர்த்தே, எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்யும் அதிகாரம் தனக்கு உண்டு என்று பார்லிமெண்ட் இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டது. பலரும் ஒரு வரியில் தாண்டிப்போகும் இந்தச் சட்டத்தை நான் வகுப்பில் தாண்டவிட்டதே இல்லை. தொகையை விட்டுக்கொடுத்துவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்டார்கள்; சண்டை அதைப் பற்றியதுதான்.

1767இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை மீது பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்டின் வரிகள் வந்தன. 1770இல் மற்றவற்றை நீக்கியபோதும், தேயிலைக்கு ராத்தலுக்கு (சுமார் அரைக் கிலோ) மூன்று பென்ஸ் வரியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த இடத்தில் நம் முன்னோர்களின் ஊரும் கதைக்குள் வருகிறது. அந்தத் தேயிலை சீனாவில் விளைந்தது. விற்றது, சென்னையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. 1769இல் ஹைதர் அலி சென்னை வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். அதே காலத்தில் வங்காளம் பஞ்சத்தில் மடிந்தது. போர்ச்செலவும் கடனும் கம்பெனியின் கழுத்தை நெரித்தன. லண்டன் கிடங்குகளில் 1 கோடி ராத்தலுக்கும் மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. கம்பெனியைக் கரையேற்ற வந்ததுதான் 1773இன் தேயிலைச் சட்டம். லண்டனில் கட்டிய தீர்வையைத் திருப்பித் தருவார்கள். நடுவில் வியாபாரிகள் இல்லாமல் கம்பெனி தன் ஏஜெண்டுகள் மூலமே அமெரிக்காவில் விற்கலாம். ஹாலந்திலிருந்து வந்த கள்ளத்தேயிலையைவிடவும் அது மலிவாகும்.

மலிவாக வாங்கினால் அந்த மூன்று பென்ஸையும், அதை விதிக்கும் உரிமையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிழைப்புப் போகும் வியாபாரிகளின் கோபமும் இதில் கலந்திருந்தது. அதை மறைத்தால் வரலாறு முழுமையாகாது. பாஸ்டனின் ஏஜெண்டுகளில் இருவர் கவர்னர் ஹட்சின்சனின் சொந்த மகன்கள். கப்பல் வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். கப்பலைத் திருப்பி அனுப்பவோ கவர்னர் விடவில்லை. கெடு முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 16, 342 பெட்டிகள் கடலுக்குள் போயின.

அடுத்த ஆண்டு லண்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனி மக்களின் ஊர்க்கூட்டங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. இன்று அவர்களுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்று மற்றக் காலனிகள் பயந்தன. 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். 1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது; போர் தொடங்கியது.

கேள்வி: கனடா ஏன் இவர்களோடு சேரவில்லை?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: 1774இன் கியூபெக் சட்டம் அங்கிருந்த கத்தோலிக்க பிரெஞ்சு மக்களுக்கு மதச் சுதந்திரமும் தங்கள் சிவில் சட்டமும் தந்தது. அந்தச் சட்டத்தையே கண்டித்த அமெரிக்கக் காலனிக்காரர்களை நம்பி அவர்கள் எப்படி எழுவார்கள்? 1775 டிசம்பர் 31இல் கியூபெக் நகரைப் பிடிக்கப் போன அமெரிக்கப் படையும் தோற்றது.

கேள்வி: டீச்சர், நம் ஆயா, தாத்தா காலத்து ஒப்பந்தக் கூலிமுறை அமெரிக்காவிலும் இருந்ததா?
- கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இருந்தது தம்பி. ஐரோப்பாவிலிருந்து அந்தக் காலனிகளுக்கு வந்தவர்களில் சுமார் பாதிப்பேர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாகப் பெரும்பாலும் நாலிலிருந்து ஏழு வருஷம் உழைக்க வேண்டும். எஜமான் அனுமதியின்றிக் கல்யாணம் செய்யக்கூடாது. ஓடிப்போனால் காலம் நீளும்.

காலம் முடிந்ததும் நடந்ததுதான் வேறு. அங்கே சட்டமோ வழக்கமோ அவர்களுக்குத் துணியும் தானியமும் கருவியும், சில இடங்களில் நிலமும் கொடுத்தது. இங்கே நேட்டாலில் 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குபவரிடம் வருஷத்துக்கு மூன்று பவுன் கேட்டது. ஒப்பந்தத்தின் முதல் வருஷச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங் என்றால், அது ஆறு மாதக் கூலி! 1896இல் இந்தியர்களின் வாக்குரிமைக்கும் கதவைச் சாத்தினார்கள். ஆகவே பாஸ்டன் கேட்ட கேள்வியை நம்மவர்களும் கேட்டார்கள். ஆனால் இங்கே தொகையே குடும்பத்தைச் சாய்க்கும் தொகை. இந்த வரியையும் எதிர்த்து நடந்த 1913 போராட்டத்தில் சிறைசென்ற இளம்பெண் வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டேதான் வரி ரத்தானது.

கேள்வி: எல்லா மனிதரும் சமம் என்று 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தாரே, அந்தப் பிரகடனத்துக்கு என்ன மதிப்பு?
- வாசகி, டர்பன்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அன்று காலனிகளில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். அடிமை வியாபாரத்துக்காக மன்னரைச் சாடி ஜெஃபர்சன் எழுதிய பகுதியைக் காலனிப் பிரதிநிதிகளின் சபையான காங்கிரஸ் வெட்டிவிட்டது. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து தப்பிவந்து ஆயுதமேந்தும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் அவரிடம் ஓடினார்கள். விடுதலை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் அந்தச் சொற்களை எழுதியவர்களிடமே நான் விட்டுவிடமாட்டேன். மாசசூசெட்ஸின் 1780ஆம் ஆண்டு அரசியல் சாசனமும் மனிதர் எல்லாரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்றது. எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப்பெண், அப்படியானால் நானும்தானே என்று ஒரு வழக்கறிஞரிடம் போனார். 1781இல் வழக்கில் வென்று விடுதலையானார். எஜமான் அவருக்கு முப்பது ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது.