லைன்மேன் தாத்தாவிடம் கேளுங்கள்: பறவை நோட்டிலிருந்து சில கேள்விகள்

முப்பத்தோரு வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கியவன் நான். அண்ணாந்து பார்ப்பதே பிழைப்பாக இருந்ததால் பறவைப் பழக்கம் தானாக ஒட்டிக்கொண்டது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊசுட்டேரி, பாகூர், பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று சுற்றிவிட்டு வந்து கேட்ட கேள்விகள் இவை. நோட்டில் எழுதி வைத்திருந்தவர்களுக்கு முதலில் பதில். வெறும் போட்டோ அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, வில்லியனூர்): தாத்தா, ஊசுட்டேரியில் ஒரு கருப்புப் பறவை பட்ட மரத்தில் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றது. அடிபட்டிருக்குமா?

அடிபடவில்லை பாப்பா, துணி காயப் போட்டிருக்கிறது. அது நீர்க்காகம். வாத்தின் மேல் தண்ணீர் பட்டால் உருண்டு ஓடிவிடும். நீர்க்காகத்தின் வெளி இறகு அப்படி இல்லை, நனைந்துவிடும். இறகுக்குள் இருக்கும் காற்று வெளியேறினால் மிதப்பது குறையும், முங்கி மீன் பிடிக்கச் சுலபம். வேலை முடிந்ததும் வெயிலில் உட்கார்ந்து காயவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே ஏரியில் பாம்புத்தாராவும் இப்படித்தான் சிறகை விரிக்கும். அதன் கழுத்து நீளம், அலகு ஊசி மாதிரி நேராக இருக்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். நீ ‘மூக்கு நுனி வளைவு’ என்று எழுதியிருந்ததால்தான் தைரியமாகச் சொன்னேன். நோட்டில் 7.40, 8.05 என்று நேரமும் போட்டிருக்கிறாய். கணக்குப் பார்த்தால் 25 நிமிஷம்தான் வருகிறது, அரை மணி இல்லை!

இன்னொன்று. ஊசுட்டேரியில் ஒரு பகுதி புதுச்சேரிக்கும் மறு பகுதி தமிழ்நாட்டுக்கும் சேர்ந்தது. புதுச்சேரிப் பக்கம் 2008இல் பறவைகள் சரணாலயமானது. அதனால் எந்தக் கரையில் நின்றாய் என்றும் எழுதி வை.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவன், அரியாங்குப்பம்): கரண்டுக் கம்பியில் உட்காரும் குருவிக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை? நீங்கள் லைன்மேன் என்பதால் கேட்கிறேன்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி. கரண்டு பாய வேண்டுமென்றால் ஒரு பக்கம் உள்ளே போய் இன்னொரு பக்கம் வெளியேற வழி வேண்டும். குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இரண்டு காலுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். கரண்டு கம்பியோடு தன் வழியில் போய்விடும், குருவிக்குள் நுழைய அதற்குக் காரணமே இல்லை.

ஆனால் பெரிய பறவை கதை வேறு. மயிலோ பருந்தோ கூகையோ சிறகை விரிக்கும்போது பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் சரி, ஒரு கம்பியில் நின்றபடி கம்பத்தின் இரும்புச் சட்டத்தைத் தொட்டாலும் சரி, அந்த நிமிஷமே முடிந்தது. பதினோராயிரம் வோல்ட் லைன் கம்பத்தடியில் செத்துக் கிடந்த மயிலை நானே தூக்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் ஊர் சுற்றும்போது கம்பத்தடியில் பெரிய பறவை செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சொல்ல வந்ததில் இன்னொன்று. காக்கை கம்பத்தில் கூடு கட்டும்போது குச்சியோடு கட்டுக்கம்பியையும் செருகிவிடும். மழை வந்தால் அந்தத் தெருவே இருட்டு. ஒரு சித்திரை மாதம் முத்தியால்பேட்டையில் அப்படி ஒரு கூட்டை லைன் ஆஃப் செய்துவிட்டு இறக்கினேன். சல்லிவேர் போல வளைத்த கம்பி, துணி மாட்டும் ஹேங்கரின் பாதி, தேங்காய் நார், நடுவில் நாலு முட்டை. அதில் மூன்று ஒரே மாதிரி. ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னது, புள்ளியும் வேறு மாதிரி. குயில் இட்டது. புதுச்சேரியின் மாநிலப் பறவை என்று குயிலை வைத்திருக்கிறோம், அது வளர்வதோ காக்கை வீட்டில். கூட்டைப் பக்கத்து வேப்பமரக் கிளையில் வைத்துக் கட்டினேன். காக்கை திரும்ப வரவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம்): ஐப்பசியில் எங்கள் வீட்டு வராந்தாவில் பச்சை முதுகு, நீலத் தோள், வால் அடியில் சிவப்பு, கண்ணில் கருப்புப் பட்டை உள்ள குட்டைவால் பறவை வந்து உட்கார்ந்தது. பறக்கவே இல்லை. அம்மா யாரோ வளர்த்த கிளி என்றார்.

அம்மாவிடம் சொல், கிளி இல்லை, ஆறுமணிக் குருவி. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிருக்குத் தெற்கே வருகிறது. பயணம் பெரும்பாலும் இரவில். அசந்துபோய் இறங்குவது, ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொள்வது, வெளிச்சத்தில் குழம்பி ஊருக்குள் வருவது எல்லாம் வருஷா வருஷம் நடக்கிறது. கடலூரிலும் சென்னையிலும் மொட்டை மாடியில், பாத்ரூமில்கூட இறங்கியிருக்கிறது.

காற்று வர ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், பூனையும் காக்கையும் எட்டாத இடத்தில், இருட்டாக வைத்து மூடிவிட வேண்டும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் வேண்டாம், அது புழு பூச்சி தின்பது. அசதி தீர்ந்ததும் செடிகொடி இருக்கும் இடத்தில், காக்கை அடங்கும் நேரம் பார்த்துத் திறந்துவிடு. இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன், பாகூர்): பாகூர் ஏரிக்கரையில் பார்த்தது: ‘சின்னப் பறவை. பிரவுன் கலர். அழகாக இருந்தது.’ என்ன பறவை?

தம்பி, இதை வைத்துப் பெயர் சொன்னால் நான் ஜோசியக்காரன். பாகூர் ஏரிக்கரையில் பிரவுன் கலர்ச் சின்னப் பறவை இருபதாவது இருக்கும்.

உன் வகுப்பில் இன்னொரு பெண் அதே நாள் எழுதியது என்னிடம் இருக்கிறது. அப்படியே தருகிறேன்: ‘காலை 6.50. மதகு பக்கம் சேற்றில். மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. மேலே சாம்பல் பிரவுன், வயிறு வெள்ளை. வெள்ளை தோள் பக்கம் கொஞ்சம் ஏறி இருந்தது. நடக்கும்போது பின்பக்கம் முழுதும் மேலும் கீழும் ஆடியது. பறந்தபோது தண்ணீரை ஒட்டியே போனது, சிறகை விறைப்பாக அடித்தது.’

பெயர் தெரியாது என்று கடைசியில் எழுதியிருக்கிறாள். தெரிய வேண்டாம், எல்லாமே அதில் இருக்கிறது. வாலாட்டிக் குருவி வாலை மட்டும் ஆட்டும், அதன் வால் நீளமும்கூட. உடம்பின் பின்பாதியையே ஆட்டுவது உள்ளான் வகையில் ஒன்று, இங்கிலீஷில் காமன் சாண்ட்பைப்பர் (Common Sandpiper). தோளுக்கும் மார்புக்கும் நடுவே வெள்ளை ஏறியிருப்பது அதன் அடையாளம். தண்ணீரை ஒட்டி விறைத்த சிறகோடு பறப்பதும் அதுதான். குளிர்காலத்தில் நம் ஊர் வாய்க்கால் ஓரமெல்லாம் தனியாகத் திரியும். இந்த நோட்டை யாரிடம் காட்டினாலும் ஒரே பதில்தான் வரும்.

அளவுக்கு ஸ்கேல் எடுத்துப் போக வேண்டாம். குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா, அதுவே போதும். அப்புறம் எங்கே இருந்தது, என்ன செய்தது. நிறத்தை அதற்கப்புறம் எழுது. காலை வெயில் முகத்தில் அடித்தால் எல்லாப் பறவையும் கருப்புதான்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவன், சிதம்பரம்): பிச்சாவரம் படகில் போனபோது ஒரு மீன்கொத்தி. நாங்கள் தினம் பார்க்கும் மீன்கொத்திதான் என்று நண்பன் சொல்கிறான். எனக்குத் தலை கருப்பாகத் தெரிந்தது.

உன் கண்ணை நம்பு. ஊருக்குள் கம்பியில் உட்காரும் வெண்மார்பு மீன்கொத்திக்குத் தலை சாக்லேட் நிறம், நெஞ்சு வெள்ளை. நீ எழுதியிருப்பது கருப்புத் தலை, வெள்ளைக் கழுத்துப் பட்டை, ஊதா கலந்த நீல முதுகு, காவி வயிறு, சிவப்பு அலகு. அது கருந்தலை மீன்கொத்தி. கடலோரக் காயலும் சுரபுன்னைக் காடும் அதற்குப் பிடித்த இடம், பிச்சாவரத்தில் பார்த்தது பொருத்தம்தான். நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகப் போய்விடு.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, கடலூர் முதுநகர்): துறைமுகத்தில் மீன் பொறுக்க வரும் பருந்து இரண்டு வகையா?

ஆமாம். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றது செங்கல் நிறம் என்றால் செம்பருந்து. உன் பாட்டி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அந்தக் கருடன்தான். உடம்பு முழுக்கப் பழுப்பு, வால் நுனி பிளந்த மாதிரி இருந்தால் கரும்பருந்து. செம்பருந்துக் குஞ்சு வளரும்போது பழுப்பாகத்தான் இருக்கும். அப்போது வால் நுனியைப் பார், அதற்கு உருண்டை.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவி, நெட்டப்பாக்கம்): வயலில் பார்த்த நாரைக்கு வாயை மூடினாலும் நடுவில் சந்து இருக்கிறது. உடைந்த மூக்கா?

அது நத்தை குத்தி நாரை. பெயரிலேயே பதில் இருக்கிறது. அந்தச் சந்தில் வைத்து நத்தையை நசுக்குகிறது என்று பலர் சொல்வார்கள், அப்படி இல்லை. கீழலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். அடுத்த தடவை அது நின்ற வரப்பில் போய்ப் பார். குஞ்சுக்கு அலகு ஒழுங்காக மூடும், வளர வளரத்தான் சந்து விழும்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவன், லாஸ்பேட்டை): வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா போனோம். ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து இங்கே முட்டையிடுகின்றன என்று ஒருவர் சொன்னார். நோட்டில் எழுதினேன். சரிதானே?

அந்த வரியை அடித்துவிடு தம்பி. இதை நானும் சின்ன வயதில் நம்பினவன்.

நீ மரத்தின் மேல் கூட்டில் பார்த்தவை என்னென்ன? உன் பட்டியலிலேயே இருக்கிறது: மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம். இவை நம் நாட்டுப் பறவைகள். மழை பெய்து ஏரி நிரம்பினால் தண்ணீர் நடுவே நிற்கும் மரத்தில் கூடு கட்ட வருகின்றன. தண்ணீர் சூழ்ந்திருப்பதால் பூனையும் நரியும் அண்டாது. ஏரி வற்றினால் தீனி இருக்கும் வேறு நீர்நிலைக்குப் பிரிந்து போகும்.

வடக்கே வெகு தூரத்திலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் கூட்டம். குளிருக்குத் தப்பித் தீனி தேடி வருகின்றனவே தவிர இங்கே கூடு கட்டுவதில்லை. முட்டை, குஞ்சு எல்லாம் அவற்றின் ஊரில், அங்கே கோடை வரும்போது. வந்து தங்குவது வேறு, வந்து குஞ்சு பொரிப்பது வேறு. பலகையில் எழுதியிருந்தாலும், சொன்னவர் பெரியவராக இருந்தாலும், ‘கூட்டில் எதைப் பார்த்தேன்’ என்று உன் பட்டியலைத் திருப்பிப் பார்.

அந்த ஊர்க்காரர்கள் 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் போய், ஏரியில் பறவை சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு எரு என்று அவர்களுக்குத் தெரியும். இதை எழுதிக்கொள், இது சரி.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவர்கள், திருக்கனூர்): பள்ளி மைதானத்தில் கருங்கல் ஜல்லி ஓரம் ஆள்காட்டி நாலு முட்டை வைத்திருக்கிறது. பக்கத்தில் போனால் தலைமேல் பாய்கிறது. கூடே இல்லை, வெயிலில் முட்டை அவிந்துவிடாதா?

கூடு இல்லை என்று நினைக்காதீர்கள், அந்தச் சின்னப் பள்ளம்தான் கூடு. முட்டையும் ஜல்லி நிறத்தில் இருப்பதால் மிதித்தால்தான் தெரியும். வெயில் ஏறினால் தாயோ தகப்பனோ குளத்தில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூரத்து ஜன்னலிலிருந்து மத்தியானம் பாருங்கள், எத்தனை தடவை போய் வருகிறது என்று குறியுங்கள். ஒரு மாதத்துக்குள் பொரித்துவிடும். அதுவரை கிரிக்கெட் பிட்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி பி.டி. சாரிடம் கேளுங்கள். முட்டையைச் சுற்றிக் கல் அடுக்கவோ குடை கட்டவோ வேண்டாம், காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும்.

கேள்வி (ஒரு மாணவியின் தந்தை, நெய்வேலி): மகளுக்கு என்ன பைனாகுலர் வாங்கலாம்?

முதல் ஆறு மாதம் ஒன்றும் வேண்டாம் ஐயா. அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் 8x42 பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதிக மடங்கு உள்ளதை வாங்கினால் சின்னக் கையில் நடுங்கும்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன், கடலூர்): பொங்கலுக்கு நெல்லிக்குப்பத்தில் பாட்டி வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஏரியும் இல்லை, காடும் இல்லை. காக்கையும் கொக்கும்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நான் எதை எழுத?

காக்கையையும் கொக்கையும்தான் எழுத வேண்டும்! குறைந்தது பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்டது காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் போடுவதுதான் கணக்கெடுப்பு. அபூர்வப் பறவை இருந்தால்தான் எழுதுவது என்று எல்லோரும் இருந்தால், காக்கை எத்தனை இருந்தது என்று பின்னால் வருபவர்களுக்கு எப்படித் தெரியும்?

நெல்லிக்குப்பத்தில் கரும்பு இருக்கிறதே. வெட்டும் இடத்துக்குப் போ. அரிவாள் விழ விழப் பூச்சி கிளம்பும், உண்ணிக்கொக்கு ஆளுக்குப் பின்னாலேயே வரிசையாக வரும். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்ந்து பிடித்துவிட்டுத் திரும்ப அதே கம்பிக்குப் போகும். எண்ண முடியாத கூட்டமாக இருந்தால் ‘நிறைய’ என்று எழுதாதே. பத்து பத்தாகக் கண்ணால் பிரித்து ‘சுமார் 40’ என்று எழுது. பேனா வேண்டாம், காலைப் பனியில் நோட்டு ஈரமானால் மை கலைந்துவிடும். பென்சில் எடுத்துப் போ, சீவுவதற்கும் ஏதாவது.