"ஹைபோ!" என்கிறாள் என் மகள்

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். மூன்று வருடமாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை. நாலரை வயது மகளை, வீட்டோடு தங்கியிருக்கும், ஜூலு மொழி பேசும் சிசிதான் (பணிப்பெண்ணை இங்கே ‘அக்கா’ என்பதுபோல் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பார்த்துக்கொள்கிறார். அவரோடு ஆங்கிலம்தான் பேசுகிறாள், ஆனால் என்ன ஆங்கிலம்! அம்மாவான என்னைக் காட்டி ‘ஹீ இஸ் இன் த கிச்சன்’ என்கிறாள். கூப்பிட்டால் ‘நௌ-நௌ’, அதாவது ‘இதோ, கொஞ்ச நேரத்தில்’. போன வாரம் வீடியோ காலில் ‘ஹைபோ!’ (ஜூலுக்காரர்கள் ஆச்சரியப்பட்டால் சொல்வது) என்று கத்த, "பிள்ளைக்குத் திருநீறு பூசு" என்கிறார் ஆச்சி. நர்சரி ஆசிரியை ‘வீட்டில் நல்ல ஆங்கிலம் பேசுங்கள்’ என்றதிலிருந்து தமிழை நிறுத்திவிட்டோம். பிள்ளையோடு அதிகம் பேச வேண்டாம் என்று சிசியிடமும் சொல்லிவிட்டேன். நேற்று விழுந்து முட்டி சிராய்த்தவள், என்னைத் தாண்டி அவரிடம்தான் ஓடினாள். சிசியை மாற்றிவிடலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

சிசியிடம் சொன்னதை இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்கள். ஊரில் சொந்தப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து வேலை செய்யும் பெண்கள் அங்கே நிறையப் பேர். ‘பேசாதே’ என்றால் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! மகளுக்கும் நஷ்டம்தான். உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் விழுகிற பேச்சில்தான் இந்த வயதில் சொல் சேரும்.

‘ஹீ’க்குக் காரணம் இருக்கிறது. ஜூலுவில் ‘உயேஸா’ என்றால் அவன் வருகிறான், அவள் வருகிறாள் இரண்டும்தான். அந்தப் பழக்கம் சிசியின் ஆங்கிலத்திலும் வருகிறது. நீங்கள் திருத்த வேண்டாம், ‘ஆமா, ஷீ இஸ் இன் த கிச்சன்’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். ‘நௌ-நௌ’ பிழையே இல்லை, அந்த நாடே அப்படித்தான் பேசுகிறது. பிள்ளையின் உச்சரிப்பு, போகப்போக, கூட விளையாடும் பிள்ளைகளை ஒட்டியே அமையும். ஹாங்காங்கில் பிலிப்பினோ பணிப்பெண்களிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றியும் இதே கவலை இருந்தது. ஆராய்ந்தவர்கள் கண்டது, அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வகை ஆங்கிலமும் பிடிபடுகிறது என்பதைத்தான். நீங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்பிலேயே இரண்டாவது மொழி உண்டு. அது ஜூலுவாக அமைந்தால் உங்கள் மகளுக்கு லாபம்.

எனக்குக் கவலை தமிழைப் பற்றித்தான். டர்பனுக்கு 1860இல் கப்பலேறிப் போன நம்மவர்களின் வீடுகளில் தமிழ் தேய்ந்தது எப்படி என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெற்றோரே பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறிய கதையைச் சொல்வார்கள். ஆங்கிலம் கொடுக்கப் பள்ளி, தெரு, டிவி எல்லாம் இருக்கின்றன. தமிழுக்கு நீங்கள் இருவர்தான்.

முட்டி விஷயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், உங்களை அதிகம் வலிக்கச் செய்தது அதுவாகத்தான் இருக்கும். பகல் முழுக்கக் கூட இருப்பவரிடம் பிள்ளை ஓடுவது இயல்பு. சிசியை மாற்றினால் அவள் அழுவாள், உங்களிடம் ஓடி வந்துவிட மாட்டாள். சாயங்காலக் குளியலையும் ராத்திரிச் சோற்றையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தமிழில்.

அடுத்த முறை ‘ஹைபோ’ வந்தால், அதற்கு நம் ஊரில் என்ன சொல்வோம் என்று ஆச்சியிடமே கேட்கச் சொல்லுங்கள். ‘ஆத்தாடி’யை அவர் சொல்லிக் கொடுக்கட்டும்.