பட்டியலில் இல்லாத பழைய கட்டடம்: கோப்பை எங்கே தேடுவது?

தொல்லியல் துறையின் பலகை இல்லை, பாரம்பரியக் கட்டடம் என்ற அறிவிப்பும் இல்லை. ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பழைய கட்டடம். இப்படிப்பட்டவற்றின் அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் கடைத்தெருவில் நூறு வருஷத்துக்கு மேலான சத்திரம் ஒன்று இருக்கிறது. ‘இது பாரம்பரியக் கட்டடமா? கட்டியது யார்? ஏன் பராமரிக்கவில்லை?’ என்று நகராட்சிக்கு ஆர்.டி.ஐ. மனு போட்டேன். ‘இவ்வலுவலகத்தில் தகவல் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்து என்ன செய்ய?
– ஊர்ப் பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பதில் எரிச்சலூட்டும்தான், ஆனால் கேள்வியிலும் கோளாறு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. வரலாறு எழுதித் தரவோ, ‘ஏன்’ என்பதற்கு விளக்கம் சொல்லவோ தகவல் அலுவலருக்குக் கடமையில்லை. ‘யார் கட்டியது’ என்ற தலைப்பில் எந்தப் பீரோவிலும் கோப்பு கிடையாது.

பட்டியலில் உள்ள கட்டடத்துக்குப் பெயரில் கோப்பு இருக்கும். பட்டியலில் இல்லாததற்கு எண்ணில்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை எண்ணைப் பிடிப்பது. கட்டடத்துக்கு எதிரே நின்று புதிய கதவு எண், பழைய கதவு எண், தெரு, வார்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நகரப் பகுதியானால் அரசின் இ-சேவை தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் பகர்ப்பைப் பார்க்கலாம். அதற்கு வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) வேண்டும். தெரியாவிட்டால் வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார்கள். பகர்ப்பில் பழைய சர்வே எண் இருந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். நகர அளவைக்கு முந்தைய பதிவேடுகளுக்குள் நுழைய அந்த எண்தான் வழி.

நில வகைப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். ‘சத்திரம் புறம்போக்கு’ என்றிருந்தால் கதை வருவாய்த் துறைப் பக்கம் போகிறது. தேவஸ்தானம் பெயரில் இருந்தால் அறநிலையத் துறை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு கோயிலும் தன் சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். கோயிலைச் சேர்ந்த மண்டபமும் சத்திரமும் அதில் வரும். தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களுக்கோ மாவட்ட ஆட்சியரின் கீழ் தனிச் சத்திர நிர்வாகமே உண்டு. நகராட்சியிடம் கேட்டால் ‘இல்லை’ என்பது பொய்யாகக்கூட இருக்காது.

மனுவை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வார்டு __, பிளாக் __, நகர அளவை எண் __ (பழைய சர்வே எண் __) உள்ள கட்டடம் தொடர்பாக: (1) சொத்துவரி மதிப்பீட்டுப் பதிவேட்டில் இக்கட்டடத்துக்கு முதன்முதலில் வரி விதிக்கப்பட்ட பக்கத்தின் சான்றிட்ட நகல், (2) பழுதுபார்ப்புக்காகத் தயாரித்த மதிப்பீடுகள், அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல், (3) இக்கட்டடம் குறித்த மன்றத் தீர்மானங்களின் நகல், (4) மேற்கண்ட கோப்புகளைப் பிரிவு 2(ஜே)-ன்படி நேரில் பார்வையிட அனுமதி.’

2(ஜே) என்பது ஆங்கிலச் சட்டத்தின் எழுத்து. எந்த எழுத்தில் குறிப்பதென்று குழப்பமானால் ‘கோப்பை நேரில் பார்வையிட’ என்றாலே போதும். நான்காவது கோரிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. எந்தத் தாள் இருக்கிறது என்றே தெரியாதபோது நகல் கேட்பது இருட்டில் துழாவுவது. நேரில் கோப்பைப் புரட்டிவிட்டு, வேண்டிய பக்கத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். மனுக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகமானால் நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டிவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) அதைக் கேட்கக் கூடாது என்கிறது. தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டால் 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். ‘இங்கே இல்லை’ என்று மட்டும் எழுதி முடித்தது இந்தப் பிரிவுக்கு எதிரானது. பதில் கிடைத்த 30 நாளுக்குள் அதையே முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

கேள்வி: ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று எழுதித் தந்துவிட்டார்கள். அத்தோடு முடிந்ததா?
– ஒரு வாசகி

பதில்: முடியவில்லை. தகவலை மறுக்க 8, 9 பிரிவுகளில் சொன்ன காரணங்கள் வேண்டும். ‘காணோம்’ என்பது அவற்றில் இல்லை. காணாமல் போனதென்றால் தேடி, விசாரித்து, பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்பது டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்ன நிலை.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அந்தக் கட்டடம் பற்றிய ஏதாவது ஒரு பழைய கடிதமோ உத்தரவோ கிடைத்தால் அதன் இடது மேல் மூலையைப் பாருங்கள். வருவாய்த் துறைத் தாளானால் எண்ணுக்கு முன்னே இரண்டு மூன்று எழுத்து இருக்கும். ஆர்.டிஸ். என்றிருந்தால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு. டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று ஆண்டு, எல்.டிஸ். ஓராண்டு, அதன்பின் அழித்துவிடலாம். என்.டிஸ். என்றால் கோப்பே அங்கே தங்கவில்லை, மூலத்தாளை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டார்கள் என்று பொருள். ஆக, 1962-ஆம் ஆண்டு எல்.டிஸ். கோப்பைக் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. அதே ஆண்டு ஆர்.டிஸ். கோப்பு ‘இல்லை’ என்றால் விடக் கூடாது.

அழித்துவிட்டோம் என்று சொன்னால், அழித்ததற்கான பதிவேட்டுப் பக்கத்தையும் உத்தரவின் நகலையும் கேளுங்கள். முறைப்படி அழித்திருந்தால் அந்தத் தாள் இருக்கும். அதைக் கேட்டதும் சில சமயம் ‘அழிந்த’ கோப்பு பதிவறையில் வேறொரு கட்டிலிருந்து எழுந்து வரும். கோப்புக் கட்டுகள் ஆண்டு வாரியாகக் கிடக்கும்போது முடிவு எழுதிய ஆண்டுக்குப் பதில் மனு வந்த ஆண்டில் தேடுவது வழக்கமான தவறு. எனவே மனுவில் இரண்டு ஆண்டுகளையும் குறிப்பிடுங்கள்.

முதல் மேல்முறையீட்டிலும் நடக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பழைய மெத்தை (மாடி) வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். உரிமையாளர் தனியார். அனுமதிக் கோப்பை நான் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர்

பதில்: பகுதியளவு முடியும். அனுமதி எண், தேதி, நிபந்தனைகள் அடங்கிய உத்தரவின் நகலைக் கேட்பது எளிது. வரைபடத்துக்கு வந்தால்தான் தடை. அலுவலர் வழக்கமாக எடுக்கும் ஆயுதங்கள் மூன்று.

ஒன்று, மூன்றாம் நபர் தகவல். 11-ஆவது பிரிவுப்படி 5 நாளுக்குள் உரிமையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். அவருக்கு மறுப்புச் சொல்ல 10 நாள். அவர் ‘கொடுக்காதே’ என்றதாலேயே மறுத்துவிட முடியாது, பொதுநலனை எடைபோட்டு அலுவலர்தான் 40 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். பல பதில்களில் இந்த எடைபோடுதலே நடந்திருக்காது. மேல்முறையீட்டில் அதைப் பிடியுங்கள்.

இரண்டு, தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே). முன்பு ‘பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத’ தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம் என்றிருந்தது. 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனையை வெட்டிவிட்டது. எங்கள் பார்வையில் இது நல்ல மாற்றமல்ல. ஆனால் மனு எழுதுகிறவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ‘உரிமையாளரின் பெயர், கைபேசி எண், அடையாள அட்டை விவரம் எனக்குத் தேவையில்லை, 10-ஆவது பிரிவுப்படி அவற்றை மறைத்துவிட்டுத் தரவும்’ என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். கூடவே 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள்.

மூன்று, வரைபடத்தின் பதிப்புரிமை, பிரிவு 9. புதுக் கட்டடத்தின் வரைபடத்துக்கு இது செல்லுபடியாகலாம். பழைய வீட்டின் வரைபடமானால், வரைந்தவர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால் உரிமையே காலாவதி.

இதையெல்லாம் விட முக்கியம் நாட்கணக்கு. பதிலுக்கு 30 நாள்; மூன்றாம் நபர் வந்தால் 40. பொக்லைனுக்கு ஒரு காலைப்பொழுது போதும். ஆர்.டி.ஐ. மனு தடையாணை ஆகாது. இடிப்பு நெருங்கினால் அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு எழுத்துமூல ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்; தகவல் மனு தனியே ஓடட்டும். சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதை நிறுத்தியது தகவல் மனு அல்ல, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கு. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2010 ஆயிற்று.

கேள்வி: பழைய கிரயப் பத்திரங்களை மூன்றாம் மனிதர் பார்க்கலாமா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: தாராளமாக. இதற்குத் தகவல் மனு போடாதீர்கள், நேரம்தான் வீண். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவே போதும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டும் எவரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் உள்ள 3-ஆம் புத்தகம் அப்படியல்ல: எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கும் அவர் முகவருக்கும் மட்டும், இறந்த பிறகு கேட்கும் யாருக்கும் நகல் உண்டு. இறப்புச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள். மற்ற வகைப் பத்திரங்கள் ஏறும் 4-ஆம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

வில்லங்கச் சான்று இணையத்தில் எந்த ஆண்டுவரை பின்னே போகும் என்பது சார்பதிவகத்துக்குச் சார்பதிவகம் மாறும். அதற்கு முந்தையதைக் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். இங்கே சறுக்குவது எண்ணில்தான். இன்றைய டி.எஸ். எண்ணைக் கொடுத்தால் பழைய அட்டவணையில் ஒன்றும் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்று சுத்தமான சான்று கிடைக்கும், நீங்களும் ஏமாந்து திரும்புவீர்கள். பழைய சர்வே எண், பழைய கதவு எண், தெருவின் பழைய பெயர் மூன்றையும் கொடுங்கள். சார்பதிவக எல்லை மாறியிருந்தால், முன்பு அந்த ஊர் சேர்ந்திருந்த தாய் அலுவலகத்தில் தேட வேண்டும்.

பத்திரம் கையில் வந்ததும் விலையை விட்டுவிட்டுச் சொத்து விவரத்துக்குப் போங்கள். செக்குபந்திக்குக் (நான்கு எல்லை விவரம்) கீழே ‘நாட்டு ஓடு போட்ட கட்டுக்கோப்பு வீடு’ என்று 1911 பத்திரத்திலும், அதே எல்லைக்குள் ‘மெத்தை வீடு’ என்று 1926 பத்திரத்திலும் இருந்தால், மாடி எழுந்தது இடைப்பட்ட 15 ஆண்டில் என்று கொள்ளலாம். ஆனால் எழுத்தர்கள் பழைய விவரத்தை அப்படியே பார்த்து எழுதிவிடுவதும் உண்டு. இடிந்துபோன மாட்டுக்கொட்டகை மூன்று தலைமுறைக்குப் பத்திரத்தில் நின்றுகொண்டிருக்கும். எனவே புதிதாகத் தோன்றும் சொல்லை நம்புங்கள், மாறாமல் திரும்பி வரும் சொல்லை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்து வீடு. 1900-க்கு முந்தைய ஆவணம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்குமா?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: வீட்டுக்கென்று இருக்க வாய்ப்பு குறைவு, ஊருக்கு இருக்கலாம். முதலில் நிர்வாக வரலாற்றைச் சரிபாருங்கள். இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் உருவானது. உங்கள் பகுதிக்கு அதற்கு முந்தைய ஆட்சியர் கடிதங்களை மதுரை ஆவணத் தொகுதிகளில் தேட வேண்டும். தவிர, ஊர் சிவகங்கை ஜமீனுக்குள் இருந்திருந்தால், ரயத்துவாரி (உழவரே நேரடியாக அரசுக்கு வரி கட்டிய) ஊர்களுக்குக் கிடைக்கும் பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டமே முதல் விரிவான பதிவு. புதுக்கோட்டை எல்லைக்குள் என்றால் 1948 வரை தனி சமஸ்தானம், தர்பார் ஆவணம் தனி. கன்னியாகுமரிக்காரர்கள் 1956-க்கு முந்தையதைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும்.

கிராமத்து வீடுகளில் இன்னொரு முடிச்சு: நத்தம், அதாவது ஊரின் குடியிருப்பு நிலம். எவ்வளவு பெரிய மாளிகையானாலும் பழைய ‘அ’ பதிவேட்டில் (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) ‘கிராம நத்தம்’ என்ற ஒரே எண்ணுக்குள் ஊரே அடங்கிக் கிடக்கும், ஆள் பெயர் இருக்காது. வீட்டு வாரியாகப் பெயர் ஏறுவது பின்னாளில் நடந்த நத்தம் நிலவரித் திட்டத்தின் தூய அடங்கல் என்ற பதிவேட்டில்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு ஊராட்சி வீட்டுவரிப் பதிவேடும் பத்திரங்களுமே கதி.

காப்பகத்தில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலோடு போகாதீர்கள். ஆண்டு அட்டவணைத் தொகுதிகளில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருச்சி ‘டிரிச்சினோபொலி’, செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’. அரசுக் கட்டடமானால் பொதுப்பணித் துறை நடவடிக்கைகளிலும், நிலம் கொடுத்தது பற்றியென்றால் வருவாய் வாரிய நடவடிக்கைகளிலும் அட்டவணையைப் பாருங்கள். ஆணை எண், தேதி, துறை மூன்றும் சேர்ந்தால்தான் தொகுதியை எடுத்துத் தருவார்கள்.

கேள்வி: ‘எந்தப் பட்டியலிலும் இல்லை’ என்பதை யாரிடம் உறுதி செய்வது?
– ஒரு வாசகர்

பதில்: ஒரே இடத்தில் முடியாது. மத்திய தொல்லியல் துறையின் பட்டியல் 1958 சட்டத்தின் கீழ், மாநிலத் தொல்லியல் துறையினுடையது 1966 சட்டத்தின் கீழ். சென்னையானால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியல் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி மனு. இன்னொன்றும் உண்டு: மத்திய பாதுகாப்புச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. உங்கள் கட்டடம் பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்த எல்லைக்குள் இருந்து, யாராவது பழுதுபார்க்க அனுமதி கேட்டிருந்தால், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தில் புகைப்படத்தோடு ஒரு விண்ணப்பக் கோப்பு இருக்கக்கூடும். அதையும் கேட்டுப் பாருங்கள்.