ஸ்லேட்டும் வேண்டாம், ஸ்கிரீனும் வேண்டாம்

கேள்வி: சென்னை காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். மகள் பிறந்தது முதல் பள்ளியில் சேர்ந்தது வரையிலான படங்களை லேப்டாப்பிலேயே வெட்டி ஒட்டி அலங்கரித்த ஸ்க்ராப்புக் பக்கங்களாகச் செய்து, 12-க்கு 12 அங்குல ஆல்பமாக பிரிண்ட் போட ஆசை. மவுஸால் உருவத்தைச் சுற்றி வெட்டி வெட்டி மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு கடைக்காரர், திரை உள்ள டேப்லெட்தான் சரிப்படும், 20,000-க்கு மேல் ஆகும் என்கிறார். இன்னொருவர் 600 ரூபாய்க்கு 'ரைட்டிங் பேட்' இருக்கிறது என்கிறார். ஓவியம் வராது, கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் வேலைக்குத் தேவை திரை இல்லாத பென் டேப்லெட். யூ.எஸ்.பி. வயரில் லேப்டாப்போடு சேரும் ஒரு கறுப்புப் பலகை, பேட்டரி போடத் தேவையில்லாத ஒரு பேனா, அவ்வளவுதான். சின்ன அளவு என்றால் 6,000-க்குள் அடங்கி மிச்சமும் விழும். அந்த மிச்சத்தை பிரிண்டுக்கு எடுத்து வையுங்கள்.

ஓவியம் வராதே என்ற கவலை தேவையில்லை. ஸ்க்ராப்புக்கில் பேனாவுக்கு நாலு வேலைதான்: உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பது, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க்கில் விளிம்பைச் சீராக்குவது, ஒட்டிய படத்துக்கு நிழல் போடுவது, ஓரத்தில் இரண்டு வரி கையால் எழுதுவது. சிக்குக் கோலத்தில் புள்ளியை உரசாமல் வளைக்கிற கை இருந்தால் முதல் மூன்றும் வந்துவிடும்.

இப்போது அந்த 600 ரூபாய் சமாச்சாரம். அது பிள்ளைகள் கிறுக்குகிற எல்.சி.டி. ஸ்லேட். அழுத்தினால் பச்சையாக ஒரு கோடு விழும், பட்டனைத் தட்டினால் எல்லாம் அழியும். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. ஆனால் இணையக் கடைகளில் அதன் தலைப்பில் 'கிராஃபிக்ஸ்', 'டிஜிட்டல்', 'டிராயிங் டேப்லெட்' என்று எல்லா வார்த்தையையும் வாரிப் போட்டிருப்பார்கள். தேடுகிறவர் கண்ணில் விலை குறைந்தது முதலில் படும், ஆர்டர் போட்டுவிடுவார். பெட்டிக்குள் யூ.எஸ்.பி. கேபிளோ வயர்லெஸ் ரிசீவரோ இல்லை என்றால் அது ஸ்லேட். வேறு ஆராய்ச்சியே வேண்டாம். கடைக்கு நேரில் போனாலும் வார்த்தையில் கவனம் வேண்டும். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ 'டேப்' என்று மட்டும் கேட்டால் ஆண்ட்ராய்டு டேப்பைத்தான் எடுத்து வைப்பார்கள். 'கம்ப்யூட்டரில் செருகுகிற பென் டேப்லெட்' என்று கேளுங்கள். போனுக்கு விற்கிற ரப்பர் முனை ஸ்டைலஸும் இதற்கு ஆகாது. அதற்கு அழுத்தம் தெரியாது. விரலுக்குப் பதிலாக ஒரு குச்சி, அவ்வளவே.

திரை உள்ளது நல்ல சாமான்தான், பழியில்லை. ஆனால் அது இரண்டாவது மானிட்டர். அதற்குப் பெரும்பாலும் தனியாக கரண்டு வேண்டும், எச்.டி.எம்.ஐ. போர்ட் வேண்டும், மேஜையில் இடம் வேண்டும். நாள் முழுக்கக் கோடு இழுத்துச் சம்பாதிப்பவர் வாங்கட்டும். குழந்தையின் படத்துக்கு விளிம்பு வெட்ட 20,000 ரூபாய் எதற்கு? கடைக்காரர் ஏன் அதையே தள்ளுகிறார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடுத்த மயக்கம் 'பிரஷர் லெவல்'. பெட்டியில் 8192, 16384 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பேனாவை லேசாக அழுத்துவதிலிருந்து முழுக்க அழுத்துவது வரை அதை எத்தனை படியாகப் பிரிக்கிறது என்பதுதான் அந்த எண். 2048 படிக்கும் 8192 படிக்கும் உள்ள வித்தியாசத்தை மாஸ்க் போடுகிற உங்கள் கை உணராது, ஆல்பத்தைப் புரட்டுகிறவர் கண்ணும் காணாது. வாக்கம் கம்பெனியின் 'ஒன் பை வாக்கம்' சி.டி.எல்-472 மாடலில் 2048தான். உங்களுக்கு அதுவே தாராளம். ஹூயான் கம்பெனியின் எச்640பி-யில் 8192 இருக்கிறது, கூடவே பக்கத்தில் 6 பட்டன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த 6 பட்டனுக்காக ஹூயானைச் சொல்லலாம், 8192-க்காக அல்ல. ஒரு பட்டனில் செய்ததை ரத்தாக்கும் அன்டூ, ஒன்றில் பிரஷ்ஷைச் சின்னதாக்குவது, ஒன்றில் பெரிதாக்குவது, ஒன்றில் பக்கத்தை நகர்த்தும் ஸ்பேஸ் பார் என்று வைத்துக்கொண்டால் இடது கை கீபோர்டைத் தேட வேண்டியதில்லை.

கடையில் ஓட்டிப் பார்க்க விட்டால் எண்ணைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். ஸ்கேலை வைத்து, மூலைக்கு மூலை சாய்வாக, ஆமை வேகத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடு நெளிநெளியாகப் புழு மாதிரி வந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். பிறகு கையின் எடை மட்டும் விழும்படி தொட்டு இழுங்கள். கோடு விழ வேண்டும். அழுத்தினால்தான் விழும் என்றால் ஒரே மாதத்தில் மறுபடி மணிக்கட்டு வலி வரும்.

அளவு விஷயத்தில்தான் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சின்ன பலகையில் வேலை நடக்கிற பரப்பு சுமார் 152-க்கு 95 மி.மீ. உங்களுடையது 15.6 அங்குல லேப்டாப் என்றால் திரையின் அகலம் ஏறக்குறைய 345 மி.மீ. கை 1 செ.மீ. நகர்ந்தால் திரையில் கர்சர் 2¼ செ.மீ. ஓடும். விளிம்பு வெட்ட இது தொந்தரவே இல்லை. 12 அங்குலப் பக்கம் 300 டி.பி.ஐ.-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3600-க்கு 3600 பிக்சல். எப்படியும் அதைப் பெரிதாக்கி வைத்துத்தான் வெட்டுவீர்கள்.

எழுதும்போதுதான் தகராறு. தமிழ் எழுத்து முழுக்கச் சுழி. 'ஞாயிறு' என்று எழுதிப் பாருங்கள். ஞ-வின் உள்சுழியில் கை அரை மி.மீ. தடுமாறினால் திரையில் அது ஒரு மி.மீ.க்கு மேல் தெரியும், ற-வின் வால் எங்கோ போகும். பக்கத்துக்கு ஒரு தேதி, ஒரு பெயர் என்றால் பெரிதாக்கி எழுதிச் சமாளிக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் பத்து வரி உங்கள் கையெழுத்தில் வேண்டும் என்றால் மட்டும் நடுத்தர அளவுக்குப் போங்கள். வாக்கமின் சி.டி.எல்-672-ல் பரப்பு 216-க்கு 135 மி.மீ., பெருக்கம் 1.6 ஆகக் குறைகிறது. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 இன்னும் பெரிது, 10-க்கு 6¼ அங்குலம். ஆனால் பெரிய பலகையில் மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையை வைத்து எழுத வேண்டும், மேஜையிலும் இடம் வேண்டும். கட்டிலில் மடித்து உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது ஒத்துவராது.

மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைப் போட்டால் நடுக்கம் போகுமே என்பார்கள். போகும், கூடவே எழுத்தும் போகும். அதை அதிகமாக ஏற்றினால் ட, ப இவற்றின் மூலைகள் மழுங்கி, கையெழுத்து உங்களுடையது மாதிரியே இருக்காது.

கையெழுத்துக்கு டேப்லெட்டே தேவையில்லாத ஒரு வழி உண்டு. ஆண்டர்சன் தெருவில் கோடு போடாத வெள்ளை மேப்லித்தோ தாள் வாங்கி, கறுப்பு ஜெல் பேனாவால் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையில் 300 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி.டி.எஃப். வேண்டாம், ஜேபெக் என்று கேளுங்கள். 'பிளாக் அண்ட் ஒயிட்' வேண்டாம், 'கிரேஸ்கேல்' என்றும் அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் கறுப்பு வெள்ளையில் போட்டுத் தந்துவிடுவார், எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். அந்த ஸ்கேனைப் பக்கத்தின் மேல் லேயராக, அதாவது தனி அடுக்காக வைத்து, வெளிச்சத்தைத் திருத்தும் லெவல்ஸில் வெள்ளையைச் சுத்தமாக்கி, லேயர் மோடை 'மல்டிப்ளை' ஆக்கினால் தாள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். பின்னணி வெளிர் நிறமாக இருந்தால்தான் இது எடுபடும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது பேனா. செகண்ட்ஹேண்டில் பலகை மட்டும் மலிவாக வரும். 'பேனா எங்கேயும் கிடைக்கும்மா' என்பார்கள். கிடைக்காது. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் பேனா மாறும். தனியாக வாங்கினால் பலகையின் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பேனா இல்லாத டேப்லெட் வெறும் பலகை, காய்கறி நறுக்கத்தான் ஆகும். டிசைன் கோர்ஸோடு 'டேப்லெட் இலவசம்' என்று சேர்த்துக் கட்டுவதும் நடக்கிறது. மாடல் எண்ணைக் கேட்டு, அந்த எண்ணின் கடை விலையைத் தேடிப் பாருங்கள். எண்ணைச் சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. கொண்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஸ்டிக்கர் இல்லாத சரக்குக்கு இங்கே வாரண்டி கேட்க ஆள் இருக்காது. 'பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மிச்சம்' என்கிற பேச்சுக்கு மயங்காதீர்கள். அந்த பில்தான் உங்கள் வாரண்டி, சீரியல் எண்ணும் அதில் இருக்கட்டும். பில் இருந்தாலும் சர்வீஸ் என்ன சுலபமாகவா நடக்கிறது? வேலை செய்யாத பலகை வேலை செய்யவில்லை என்பதற்கு வீடியோ எடுத்து அனுப்பு, பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு, மெயிலுக்குக் காத்திரு என்று ஆளை அலைக்கழிப்பார்கள். அலுத்துப்போய் விட்டுவிட வேண்டும் என்றுதானோ! விடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரைப் பதிவு செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைச் செருகாதீர்கள். டேப்லெட்டை இயக்குகிற மென்பொருள்தான் டிரைவர். முன்பு வேறு டேப்லெட்டின் டிரைவர் போட்டிருந்தால் முதலில் அதை நீக்கி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு கம்பெனி டிரைவர் ஒன்றாக இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகலாம். டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் 'டிரைவர் அப்டேட்டர்' எல்லாம் விளம்பரம். பலகை 16:10, லேப்டாப் திரை 16:9 என்றால், டிரைவரில் விகிதத்தைத் திரையோடு பொருத்தும் தேர்வைப் போடுங்கள். கீழே 1 செ.மீ. பட்டை சும்மா கிடக்கும், கிடக்கட்டும். போடாவிட்டால் வட்டம் முட்டையாகும். பேனாவை வைத்ததும் ஒரு வளையம் சுற்றி ரைட்கிளிக் ஆகிறதா? விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' போய் 'பிரஸ் அண்ட் ஹோல்ட்'-ஐ அணைத்துவிடுங்கள். அழுத்தம் வரவில்லை என்றால் டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' டிக்கை மாற்றி, படம் வெட்டுகிற மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

கர்சர் தானாக நடுங்கினால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நடுக்கம் நின்றால் கோளாறு டேப்லெட்டில் இல்லை, பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் இதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது, டேப்லெட்டுக்காக மட்டும் அல்ல. ஸ்டீல் மேஜை, இரும்புக் கட்டில் மேல் பலகையை வைக்காதீர்கள். பேனாவும் பலகையும் மின்காந்த அலையால் பேசிக்கொள்கின்றன, இரும்பு அதைக் குழப்பும். மரப் பலகையோ தடித்த அட்டையோ அடியில் போட்டால் சரியாகும்.

முதல் படத்தை வெட்டும்போது, உங்களுடையது ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள் என்றால் 'எடிட்' மெனுவில் 'இன்புட் டிவைசஸ்' திறந்து, பேனாவின் மோடை 'ஸ்கிரீன்' ஆக்குங்கள். பிரஷ் டைனமிக்ஸில், அழுத்தத்துக்கு ஏற்ப பிரஷ்ஷின் அளவை மாற்றும் 'பிரஷர் சைஸ்' மட்டும் இருக்கட்டும், 'பிரஷர் ஓபாசிட்டி' வேண்டாம். அது இருந்தால் லேசாக அழுத்திய இடத்தில் மாஸ்க் பாதிதான் மறைக்கும். லேப்டாப்பில் கண்ணுக்குப் படாது. பிரிண்டில் குழந்தையின் தலையைச் சுற்றிப் பழைய சுவரின் நிறம் சாம்பல் வளையமாக நிற்கும். விளிம்பை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். பேனாவின் நிப் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து கூர்மையானதும் மாற்றிவிடுங்கள், அது பலகையைக் கீறும். உபரி நிப் பெட்டியிலேயே இருக்கும், தேய்ந்த நிப்பைப் பிடுங்கும் வளையமும் கூடவே இருக்கும். சின்னதாக இருக்கிறது என்று அதைப் பெட்டியோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.